சீல் போட்டும் எண் ஏறவில்லையே!

கேள்வி: கல்லூரி டூருக்கு எத்தனை பஸ் வேண்டும் என்று கணக்குப் போட ஜாவாவில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினேன். 130 பேர், பஸ்ஸுக்கு 40 சீட். வகுத்தால் 3.25, தசமம் இருந்தால் அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றிவிடும் மேத்.சீல் (Math.ceil) அதை 4 ஆக்கிவிடும் என்று பார்த்தால் 3 என்றே வருகிறது. எங்கே தப்பு?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: பத்துப் பேரை நடுரோட்டில் நிற்க வைத்துவிட்டீர்களே! சீல் மேல் தப்பில்லை, அதன் கைக்கு 3.25 போய்ச் சேரவே இல்லை. 130, 40 இரண்டும் இன்ட், அதாவது முழு எண் வகை; ஜாவாவில் இன்ட்டை இன்ட்டால் வகுத்தால் விடையும் இன்ட்தான், அடைப்புக்குறிக்குள் வகுக்கும்போதே .25 காணாமல் போய்விடுகிறது. மிச்சமிருக்கும் 3-ஐ மேலே தூக்கச் சொன்னால் அது 3-ஆகத்தானே இருக்கும்.

40-ஐ 40.0 என்று எழுதிப் பாருங்கள், சரியாகிவிடும். எண்கள் வேரியபிளில் இருந்தால் வகுப்பதற்கு முன்பே ஒன்றை டபுளாக, அதாவது தசம எண் வகையாக, மாற்ற வேண்டும், வகுத்து முடித்த பிறகு மாற்றிப் பிரயோஜனம் இல்லை, நிறையப் பேர் இடறுவது இங்கேதான். அப்புறம், ஜாவாவின் சீல் தருவது 4.0 என்ற டபுள். பஸ் எண்ணிக்கையாக வைத்துக்கொள்ள அதை இன்ட் ஆக்கிக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் இதற்கு சீலே வேண்டாம். (130 + 39) / 40 என்று எழுதுங்கள், அதாவது வகுக்கும் எண்ணில் ஒன்றைக் குறைத்து முன்கூட்டியே கூட்டிவிடுவது. 169-ஐ 40-ஆல் வகுத்தால் 4. சரியாக 120 பேர் வந்தால் 159, அதற்கு 3 பஸ் போதும். தசமமே நுழையாததால் வம்பும் இல்லை. மைனஸ் எண்களுக்கு மட்டும் இதை நம்பாதீர்கள்.

கேள்வி: பைத்தானில் பில்லிங் எழுதுகிறேன். 1.1 ரூபாயை 100-ஆல் பெருக்கி சீல் போட்டால் 111 பைசா காட்டுகிறது. ஒரு பைசா எங்கிருந்து வந்தது?
– வாசகர், சேலம்

பதில்: சீல் போடாமல் பெருக்கலை மட்டும் பிரிண்ட் பண்ணுங்கள், 110.00000000000001 என்று வரும். கணினி 0, 1 இரண்டையும் வைத்துத்தான் எழுதும், அதில் 1.1 முடிவில்லாமல் நீளும் என்பதால் ஓரிடத்தில் வெட்டிக்கொள்கிறது. பக்கத்து முழு எண்ணுக்குக் கொண்டுபோகும் ரவுண்டாக இருந்தால் இந்தத் துளியைக் கண்டுகொள்ளாது, சீலுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது, துளி கூடினாலும் அடுத்த எண்தான். அதனால் பணத்தை முதலிலிருந்தே பைசாவாக, முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். தசம எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளும் பைத்தானின் டெசிமல் (Decimal) வகையைப் பயன்படுத்துவதானால் 1.1-ஐ மேற்கோள் குறிக்குள் ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்தாகக் கொடுங்கள், வெறுமனே கொடுத்தால் பழைய பிழையும் கூடவே வந்துவிடும்.

கேள்வி: பைத்தானில் ரவுண்ட் போட்டால் 2.5 ஏன் 2 ஆகிறது? பள்ளியில் 3 என்றுதானே படித்தோம்? மைனஸ் எண்ணை சீல் எந்தப் பக்கம் தள்ளும்?
– வாசகி, கோவை

பதில்: சரிபாதியில் நிற்கும் எண்ணை பைத்தான் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளும், அதனால் 2.5 போனால் 2, 3.5 போனால் 4. ஜாவாஸ்கிரிப்ட்டில் 2.5-க்கு 3 தான். எப்போதும் ஒரே பக்கமாகத் தள்ளினால் பிழை சேர்ந்துகொண்டே போகும் என்பதற்கான ஏற்பாடு இது. கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை 1982-ல் 1000 புள்ளியில் ஒரு குறியீட்டைத் தொடங்கியது. ஒவ்வொரு முறை கணக்கிடும்போதும் மூன்று தசமத்துக்கு மேல் இருந்ததை ரவுண்ட் செய்யாமல் அப்படியே வெட்டிவிட்டார்கள். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை. 1983 நவம்பரில் குறியீடு 524.811-ல் கிடந்தது, திருத்திப் போட்டபோது 1098.892! சந்தை ஏறியிருக்கிறது, போர்டில் பாதியாக இறங்கியிருக்கிறது.

மைனஸ் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். சீலுக்கு மேலே என்றால் பெரிய எண்ணின் பக்கம், எனவே -2.5 போனால் -2. எக்ஸெலின் ரவுண்ட்அப் பூஜ்ஜியத்தை விட்டு விலகித்தான் போகும், அங்கே அதே எண்ணுக்கு -3.