கால்வெஸ்டன் பழைய வீடுகள்: கேள்வி பதில்

கே: டெக்சஸ் மாநிலத்துக் கால்வெஸ்டன் தீவில் ஆஷ்டன் வில்லாவைப் பார்த்தோம். அவ்வளவு பெரிய மாளிகைக்கு இரும்பு வேலி ஏன் இத்தனை குட்டை?

ப: வேலியின் அடிப்பகுதி மண்ணுக்குள் இருக்கிறது. 1900 செப்டம்பர் 8 புயலுக்குப் பின் கடற்சுவர் எழுப்பி, ஊரின் தரைமட்டத்தையும் உயர்த்தினார்கள். அந்த வேலை 1903-இல் தொடங்கி 1911 வரை நடந்தது. 2,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களைத் திருகு ஜாக்கியால் தூக்கி நிறுத்தி, அடியில் மணலும் நீரும் கலந்த சேற்றைக் குழாய் வழியாகப் பாய்ச்சினார்கள். நீர் வடிந்தது, மணல் தங்கியது. மர வீட்டுக்கு இது எளிது. 1859-இல் கட்டிய இந்தச் செங்கல் மாளிகையைத் தூக்காமல், நிலவறையையே மணலால் நிரப்பிவிட்டார்கள்.

கே: சார், கிழக்குப் பகுதியில் பல வீடுகள் ஏறக்குறைய ஒரே வயதாகத் தெரிகின்றனவே?

ப: 1885 நவம்பர் தீயில் சுமார் 40 தெருக்கட்டங்கள் எரிந்தன. நீங்கள் பார்த்தவற்றில் பல, அதற்குப் பின் எழுந்தவை.

கே: வீட்டைத் தாங்கும் செங்கல் தூண்களில் சாந்து உதிர்கிறது. சிமெண்ட் வைத்து அடைக்கலாமா?

ப: வேண்டாம். பழைய செங்கல் மென்மையானது. சிமெண்ட் அதைவிடக் கடினம், ஈரத்தையும் வெளியே விடாது. உப்பு செங்கலுக்குள்ளேயே பூத்து முகத்தை உரித்துவிடும். சாந்து மிஞ்சும், கல் போய்விடும். இடுக்கின் அகலத்தைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு ஆழத்துக்கு உளியால் சுரண்டுங்கள். கிரைண்டர் செங்கல் விளிம்பைத் தின்னும். நனைத்துவிட்டு, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து, கால் அங்குலப் படைகளாக அழுத்துங்கள். ஒரே மூச்சில் அடைத்தால் சுருங்கி வெடிக்கும். கடல் மணல் கூடவே கூடாது. சில நாள் ஈரச்சாக்கு போர்த்தி வையுங்கள்.

கே: தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பி மூடலாமா, ஐயா?

ப: மரப் பின்னல் தட்டி போதும். காற்று நின்றால் உத்திரம் உளுக்கும். வெள்ளம் வந்தால் அந்தச் சுவரைத்தான் முதலில் தள்ளும்.

கே: மேலே தூக்கும் மர ஜன்னல் நிற்காமல் விழுகிறது. அலுமினியம் போட்டுவிடட்டுமா?

ப: கயிறு அறுந்திருக்கிறது, அவ்வளவுதான்! உட்புறப் பட்டியைக் கழற்றிச் சட்டத்தை வெளியே எடுங்கள். நிலையின் பக்கவாட்டில் சிறு மூடி இருக்கும். அதற்குள் இரும்பு எடை கிடக்கும். பின்னல் பருத்திக் கயிற்றைக் கப்பி வழியே விட்டு எடையில் கட்டுங்கள். சட்டம் முழுக்க ஏறி நிற்கும்போது எடை பெட்டியின் அடியைத் தொடக்கூடாது, இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். 1978-க்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேயுங்கள்.