டாக்டர் எதிரில் அப்பா நன்றாக நடக்கிறார், வீட்டில் கால் ஒட்டிக்கொள்கிறது

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. ஐந்து வருடமாகப் பார்க்கின்சன் நோய். வீட்டில் வாசலைத் தாண்டும்போது கால் தரையில் ஒட்டியதுபோல் நின்றுவிடுகிறார். டாக்டரிடம் போனால் நன்றாக நடந்து காட்டுகிறார். நடையைக் கண்காணிக்க ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கட்டினால் போதுமா?

பதில்: அப்பா நடிக்கவில்லை. தடையில்லாத வராந்தா, டாக்டர் பார்க்கிறார் என்ற கவனம், 'நடங்க' என்று ஒரு குரல் எல்லாம் சேர்ந்தால் ஒட்டிய கால்கூடக் கிளம்பிவிடும். வீட்டில் அப்படியா? குறுகலான வாசல், சட்டென்று திரும்ப வேண்டிய மூலை, கையில் ஒரு டம்ளர். கால் நிற்பது அங்கேதான். டாக்டர்களாகிய நாங்கள் பார்க்கும் பத்து நிமிடத்தில் அது சிக்குவதில்லை.

இதற்காகவே கணுக்காலிலோ இடுப்பின் பின்புறமோ கட்டும் சென்சார்கள் இருக்கின்றன. அடியின் நீளம், திரும்ப எடுக்கும் நேரம், இரண்டு கால்களுக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் அவற்றில் பதிவாகும். கால் ஒட்டிக்கொள்ளும்போது பெரும்பாலும் அது அசையாமல் இருப்பதில்லை, நடுங்குகிறது. சாதாரண நடையின் அசைவு நொடிக்கு 3 தடவைக்குள் அடங்கும், இந்த நடுக்கம் 3 முதல் 8 வரை போகும். அதை வைத்துத்தான் கருவி கண்டுபிடிக்கிறது.

மணிக்கட்டு வாட்ச் வேறு கதை. வாக்கரைப் பிடித்து நடந்தால் கை வீசாது, பல அடிகள் கணக்கில் வராது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது கை நடுங்கினால் அதை நடை என்று எண்ணிவிடவும் கூடும். அடிகளின் எண்ணிக்கை குறைந்ததைப் பார்த்துப் பதறாதீர்கள். கீழே விழுந்தால் தகவல் அனுப்பும் வசதி நல்லதுதான், ஆனால் அது விழுந்த பிறகுதான் பேசும்.

எங்களுக்குத் தேவை அடிகளின் எண்ணிக்கை அல்ல, கால் நிற்கும் நேரம். பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரையின் வேகம் குறையும்போது கால் நிற்கிறதா, மாத்திரை நன்றாக வேலை செய்யும்போதே நிற்கிறதா? முதலாவது என்றால் மாத்திரை நேரத்தையோ அளவையோ மாற்றிப் பார்க்கலாம். இரண்டாவது என்றால் அளவைக் கூட்டுவது பெரும்பாலும் உதவாது, சிலருக்கு மோசமாகும். அதனால் நீங்களாக எதையும் மாற்றாதீர்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் போவதற்கு முன் ஒரு வாரம், மாத்திரை போட்ட நேரத்தையும் கால் நின்ற நேரத்தையும் ஒரு தாளில் குறியுங்கள். வாசலில் நடப்பதைப் பாதம் தெரியும்படி ஃபோனில் வீடியோ எடுங்கள். 'அப்பா, வீடியோ எடுக்கிறேன்' என்று சொல்லி எடுத்தால் அங்கேயும் நன்றாக நடந்துவிடுவார்! அவரிடம் முன்பே அனுமதி வாங்கிவிட்டு, அப்புறம் அவர் மறந்திருக்கும்போது எடுங்கள். இதைப் பார்த்தபின் சென்சார் தேவையா என்று உங்கள் நரம்பியல் மருத்துவர் சொல்வார்.

கால் நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். நிற்கச் சொல்லி, உடல் பாரத்தை இடதும் வலதுமாக மாற்றி, பிறகு ஒரு பெரிய அடி வைக்கச் சொல்லுங்கள். வாசலில் குறுக்குக் கோடாக நிற டேப் ஒட்டினால், அதைத் தாண்டும் நினைப்பில் சிலருக்குக் கால் எழும். ஏற்கெனவே விழ ஆரம்பித்திருந்தால், வாரம் முடியக் காத்திருக்காமல் உடனே அழைத்துப் போங்கள்.