ஜாக் லண்டனின் ‘கானகத்தின் குரல்’: ஒரே நாவலைச் சிலர் கொண்டாடுவதும் சிலர் வெறுப்பதும் ஏன்?

அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டன் எழுதி 1903-இல் வெளிவந்த இந்த நாவலைப் பற்றிய கருத்துகள் இவ்வளவு முரண்படுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். திருடப்பட்டுப் பனிச்சறுக்கு வண்டி இழுக்க விற்கப்படும் பக் என்னும் நாயை, சிவப்பு ஸ்வெட்டர் அணிந்த ஒருவன் தடியால் அடித்துப் பணியவைக்கும் காட்சியிலேயே வாசகர்கள் பிரிந்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். மன்னார்குடியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அதை வாய்விட்டுப் படித்தபோது, அத்தை அந்தப் பக்கத்தோடு எழுந்து உள்ளே போய்விட்டார். தார்க்குச்சி பிடித்து வண்டி மாடு பழக்கிய மாமாவோ, புத்தகத்திலேயே உண்மையான இடம் அதுதான் என்றார்.

விலங்குக்கு மனித மனத்தை ஜாக் லண்டன் ஏற்றிவிட்டார் என்பது மற்றொரு குறை. லண்டனின் நாய்க்கதைகள் இயற்கைக்குப் பொருந்தாதவை என்று 1907-இல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே சாடினார். 1908-இல் மறுப்பு எழுதிய லண்டன், நாய் இவற்றைச் சிந்திக்கவில்லை, செய்தது மட்டுமே என்று கதையோட்டம் தடைபடுவதையும் பொருட்படுத்தாமல் திரும்பத் திரும்ப எழுதியிருப்பதைச் சுட்டிக்காட்டினார். அந்த விளக்கத்தை நான் ஏற்கிறேன்.

என்னை உறுத்துவது வேறு: பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் ஒவ்வொரு நாய்க்கும் தனிக்குணம் வகுத்தவர், கதையின் இறுதியில் வரும் யீஹாட் என்னும் கற்பனைப் பழங்குடியினரில் ஒருவருக்குக்கூட முகம் தரவில்லை.