உயிரோடு வந்த கில்லி மீன் மூன்றாம் நாள் சாவது ஏன்?

கேள்வி: வண்ணமீன் வளர்க்கிறேன். வெளியூரிலிருந்து கார்ட்னரி கில்லி மீன் (ஆப்பிரிக்கச் சிறு நன்னீர் மீன்) 6 ஜோடி வரவழைத்தேன். பயணம் இரண்டு நாள். பெட்டியைப் பிரித்தபோது 12 மீனும் உயிரோடு இருந்தன. பையை மிதக்கவிட்டு, பிறகு வாயைத் திறந்து, இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக என் தொட்டித் தண்ணீரை விட்டுத்தான் மீனை இறக்கினேன். மூன்று நாளில் 7 மீன் செத்துவிட்டன. மீதி துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் நிற்கின்றன. என் தண்ணீர் ஆர்.ஓ. கலந்தது, டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) 80. அனுப்பியவரின் தண்ணீர் 400 என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கே தவறு? அடுத்து நானும் மீன் அனுப்பப்போகிறேன், எப்படிப் பேக் செய்வது?

பதில்: மீன் வழியில் நோகவில்லை. பையைத் திறந்த பிறகு நடந்த இரண்டு காரியங்கள்தான் அதை வீழ்த்தியிருக்கின்றன.

முதலாவது அம்மோனியா. கட்டிய பைக்குள் மீன் விடும் மூச்சால் கரியமில வாயு சேர்ந்து தண்ணீரின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண், தாழ்ந்தால் அமிலம் அதிகம்) இறங்கும். கூடவே கழிவிலிருந்து அம்மோனியாவும் சேரும். பி.எச். தாழ்ந்திருக்கும்வரை அதில் பெரும்பங்கு அம்மோனியமாக இருக்கும். மீனுக்கு அவ்வளவு கெடுதல் இல்லை. வாயைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறி, பி.எச். ஏறத் தொடங்கும். 25 டிகிரியில், பி.எச். 6 இருந்தால் மொத்த அம்மோனியாவில் நஞ்சு வடிவம் சுமார் 0.06 சதவீதம், 7 ஆனால் 0.6, 8 ஆனால் 5 சதவீதத்துக்கு மேல். ஒவ்வொரு படிக்கும் ஏறக்குறைய பத்து மடங்கு. பி.எச். கூடிய தொட்டித் தண்ணீரைச் சொட்டவிட்டால் இந்த ஏற்றம் இன்னும் வேகமாகும். பக்குவமாகச் செய்கிறோம் என்று நினைத்த அந்த இரண்டு மணி நேரமும் மீனின் செவுள் வெந்துகொண்டிருந்தது.

இரண்டாவது உப்புச்சத்து. நன்னீர் மீனின் உடலுக்குள் வெளித்தண்ணீரைவிட உப்பு அதிகம். அதனால் செவுள் வழியே உப்பு கசிந்துகொண்டும் தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டும் இருக்கும். அந்தத் தண்ணீரைச் சிறுநீரகமும், உப்பைச் செவுளும் ஓயாமல் ஈடுகட்டுகின்றன. 400 டி.டி.எஸ்.ஸில் இருந்த மீனை 80க்கு இறக்கினால் இந்த வேலை திடீரென்று கூடுகிறது. ஏற்கெனவே செவுள் புண்ணான மீன் ஓரிரு நாள் தாக்குப்பிடித்துவிட்டுத் தளர்ந்துபோகும். மூன்றாம் நாள் சாவுக்குக் காரணம் அதுதான். உடல் இதற்குப் பழகப் பல நாள் வேண்டும். இரண்டு மணி நேரம் சொட்டவிட்டதும் நேரடியாக விட்டதும் மீனுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். கடினநீருக்கு ஏறுவதைவிட மென்னீருக்கு இறங்குவதுதான் ஆபத்து என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆகவே, மீனைத் தண்ணீருக்குப் பழக்கப் பார்க்காதீர்கள். மீன் வரும் முன்பே தண்ணீரை மீனுக்கு ஏற்றபடி தயார்செய்து வையுங்கள்.

மீன் கிளம்புமுன் அனுப்புபவரிடம் டி.டி.எஸ்., பி.எச்., வெப்பநிலை மூன்றையும் கேட்டு வாங்குங்கள். 10 லிட்டர் தனித்தொட்டி ஒன்றை எடுத்து, குளோரின் நீக்கிய தண்ணீரில் டி.டி.எஸ்.ஸை அவருடைய அளவுக்கு 50 புள்ளிக்குள் கொண்டுவாருங்கள். ஆர்.ஓ. தண்ணீரைக் குறைத்துக் கடினநீரைக் கூட்டினாலே போதும். வெறும் உப்பால் ஏற்றினால் எண் பொருந்தும், ஆனால் மீனுக்கு வேண்டிய கால்சியம் கிடைக்காது. பி.எச். உங்களிடம் அவருடையதைவிடக் கூடுதலாக இருக்கக் கூடாது, சற்றுக் குறைவாக இருந்தால் நல்லது. வேறு தொட்டியில் ஏற்கெனவே ஓடிப் பழகிய ஸ்பாஞ்ச் ஃபில்டரை வைத்துக் காற்றை மெல்ல விடுங்கள். ஜாவா மாஸ் ஒரு கைப்பிடி, மிதவைச் செடி கொஞ்சம் போதும், அடியில் மணல் வேண்டாம். மூடியில் இடுக்கு இருக்கவே கூடாது, காற்றுக்குழாய் நுழையும் ஓட்டையையும் பஞ்சால் அடையுங்கள். புது இடத்தில் முதல் ராத்திரிதான் கில்லி அதிகம் குதிக்கும், விரல் நுழையாத சந்திலும் வெளியே வந்துவிடும்.

பெட்டியை மங்கலான வெளிச்சத்தில் பிரியுங்கள். பையைத் திறக்காமலே 15 முதல் 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டால் வெப்பநிலை சமமாகிவிடும். அதன்பின் தாமதிக்கக் கூடாது. பையை வெட்டி, தண்ணீரைச் சல்லடை வலை வழியே ஒரு வாளியில் ஊற்றி, வலையில் தங்கிய மீனை உடனே தொட்டியில் விடுங்கள். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகக் கூடாது. பைத்தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகவேண்டாம். சொட்டுநீர் முறை தப்பே என்று சொல்லவில்லை. பக்கத்திலிருந்து சில மணி நேரத்தில் வந்த, தண்ணீர் கெடாத மீனுக்கு அது பொருந்தும். இரண்டு நாள் பயணம் வந்த பைக்குப் பொருந்தாது.

அன்று விளக்கும் தீனியும் வேண்டாம். மறுநாள் ஆர்டீமியா (மிகச்சிறு உப்புநீர் இறால்) குஞ்சு சிறிதளவு. பிறகு தினமும் 1 லிட்டர் எடுத்துவிட்டு உங்கள் 80 டி.டி.எஸ். தண்ணீர் 1 லிட்டர் ஊற்றுங்கள். 400இல் தொடங்கினால் 10ஆம் நாள் 190ஐ ஒட்டியும் 20ஆம் நாள் 120ஐ ஒட்டியும் வந்து நிற்கும். அந்த வேகம் மீனுக்குத் தாங்கும். மூன்று நான்கு வாரம் தனித்தொட்டியிலேயே இருக்கட்டும்.

இப்போது உங்களிடம் மிஞ்சியிருக்கும் ஐந்துக்கு: முதலில் அம்மோனியா பாருங்கள், சிறிது தெரிந்தாலும் அதே டி.டி.எஸ். உள்ள தண்ணீரால் கால் பங்கு மாற்றுங்கள். அயோடின் சேராத உப்பை லிட்டருக்கு அரை கிராம் கணக்கில் கரைத்து, மூன்று பங்காக்கி ஒரு நாளுக்குள் ஊற்றுங்கள். செவுள் வழி உப்பிழப்பு குறையும். இருட்டில் டார்ச்சைச் சாய்வாக அடித்து உடலைப் பாருங்கள். பொன்தூள் தூவியதுபோல் தெரிந்தால் அது வெல்வெட் நோய், ஓர் ஒட்டுண்ணியால் வருவது. நொந்துவந்த கில்லியைத் தேடிப்பிடிப்பது இதுதான், நோத்தோபிராங்கியஸ் என்ற இன்னொரு கில்லிப் பிரிவின் இனங்களை இன்னும் கடுமையாக. உப்பை லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் வரை படிப்படியாக ஏற்றி, தொட்டியைத் துணியால் மூடிவையுங்கள். அந்த ஒட்டுண்ணிக்குள் பச்சையம் இருக்கிறது, வெளிச்சம் இல்லாவிட்டால் தளரும்.

இனி அனுப்புவதைப் பார்ப்போம். அனுப்புவதற்கு 24 முதல் 36 மணி நேரம் முன்பே தீனியை நிறுத்துங்கள். குடல் காலியான மீன்தான் பையைக் கெடுக்காது. ஒரு பைக்கு ஒரு மீன். ஆணும் ஆணும் கடித்துக் குதறும், ஆண் பெண்ணை விரட்டியே ஓயவைக்கும். 5 சென்டிமீட்டர் மீனுக்கு 200 முதல் 250 மில்லி தண்ணீர், மேலே அதைப்போல் இரண்டு மடங்கு காற்று. தண்ணீரைக் கூட்டினால் நல்லது என்று காற்றைக் குறைத்துவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள்: 250 மில்லி தண்ணீரில் கரைந்த ஆக்ஸிஜன் சுமார் 2 மில்லிகிராம், மேலே உள்ள 500 மில்லி காற்றில் 130 மில்லிகிராமுக்கு மேல். மீனைக் காப்பாற்றுவது அந்தக் காற்று. தனி ஆக்ஸிஜன் சிலிண்டர் தேவையில்லை, ஆனால் பையை வாயால் ஊதாதீர்கள், நம் மூச்சில் ஆக்ஸிஜன் குறைந்து கரியமில வாயு 4 சதவீதம் இருக்கும்.

பையின் கீழ்மூலைகளில் சிறு மீன் சிக்கி நசுங்கும். முதல் பையை இறுக்கிக் கட்டி, தலைகீழாக இரண்டாவது பைக்குள் இறக்கிக் கட்டினால் மூலை மழுங்கிவிடும். ஒதுங்க அக்ரிலிக் நூல் நாலு இழை போடுங்கள். செடி வேண்டாம், இருட்டில் அதுவும் ஆக்ஸிஜனைத் தின்னும். காற்று ஊடுருவும் 'பிரீதிங்' பை என்றால் முறையே வேறு: உள்ளே காற்றே இல்லாமல் தண்ணீர் நிரப்பிக் கட்டவேண்டும், இன்னொரு பிளாஸ்டிக் பைக்குள் போடக் கூடாது, ஒன்றோடொன்று ஒட்டாமல் இடையில் செய்தித்தாள் வைக்கவேண்டும்.

தெர்மாகோல் பெட்டியில் பைகள் உருளாதபடி தாளைத் திணியுங்கள். கார்ட்னரிக்கு வழியில் 20 முதல் 23 டிகிரி உகந்தது. வெப்பம் ஏற ஏற மூச்சும் கழிவும் கூடும். வெயில் காலத்தில் ஐஸ் பேக்கைத் தாளில் சுற்றி மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். குளிரில் ஹீட் பேக் வைத்தால் அதற்கு எரியக் காற்று வேண்டும். மூடியில் இரண்டு துளை போடுங்கள், பையைத் தொடவிடாதீர்கள்.

தூரம் இரண்டு நாளைத் தாண்டினால் மீனை விட்டுவிட்டு முட்டையை அனுப்புங்கள் என்பேன். கார்ட்னரி முட்டை கெட்டியானது, மாப்பிலிருந்து (மீன் முட்டையிடத் தொங்கவிடும் நூல்கொத்து) விரலால் எடுக்கலாம். கொதிக்கவைத்து ஆறிய பீட் மாஸைப் (மக்கிய பாசி நார்) பிழிந்து, இனி நீர் சொட்டாது என்ற ஈரத்தில் சிறு ஜிப் பையில் பரப்பி, முட்டைகளை மேலே வைத்து, கொஞ்சம் காற்றோடு மூடுங்கள். வெள்ளையாகப் போன முட்டையை முன்பே களையுங்கள், பூஞ்சை மற்றவற்றுக்கும் பரவும். பொரிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். பொரிக்கும் தண்ணீரே குஞ்சுக்குச் சொந்தத் தண்ணீர், அதனால் பழக்கும் தொல்லையே இல்லை. பையின்மேல் இனத்தின் முழுப்பெயர், எந்த இடத்து வகை, முட்டை எடுத்த தேதி மூன்றையும் எழுதுங்கள். தேதி இல்லாவிட்டால் வாங்கியவருக்கு எப்போது தண்ணீரில் இடுவது என்று தெரியாது. நோத்தோபிராங்கியஸ் முட்டை என்றால் பீட்டிலேயே மாதக்கணக்கில் கிடக்கும், அதற்குத் தேதி இன்னும் முக்கியம்.