வாசகர் கேள்வி-பதில்: ரெக்கார்டு கடைக்கு நன்கொடை வேண்டாம், சரக்கு கொடுங்கள்

கேள்வி: அண்ணா, வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு சந்தில் பழைய ரெக்கார்டும் கேசட்டும் விற்கிற சின்னக் கடை இருக்கிறது. நடத்துகிற பாய்க்கு வயது அறுபதுக்கு மேல். வாடகை ஏறிவிட்டதால் தீபாவளியோடு மூடிவிடலாம் என்கிறார். நாங்கள் பன்னிரண்டு பேர் சனிக்கிழமை தவறாமல் அங்கே போகிறவர்கள். வாட்ஸ்அப்பில் கேட்டுப் பணம் திரட்டிக் கொடுக்கலாமா? (ஒரு வாசகர், சத்துவாச்சாரி)

பதில்: திரட்டலாம் தம்பி, ஆனால் அது இரண்டு மூன்று மாத வாடகைக்குத்தான் வரும். அதற்கப்புறம் பாய் உங்கள் முகத்தைப் பார்க்கவே சங்கடப்படுவார், நீங்களும் தயங்கித் தயங்கித்தான் கடைக்குப் போவீர்கள். இதே ஊரில் நான் கண் முன்னால் பார்த்தது. ஒரு கடையில் இருபது வருஷம் ரெக்கார்டுத் தட்டு வாங்கினேன். மூடப் போகிறார் என்று தெரிந்ததும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்தோம், நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்தோம். ஒரே வருஷத்தில் கடை போய்விட்டது, மிச்சமிருந்த தட்டு முழுவதையும் வெளியூர் வியாபாரி ஒருவர் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அது இன்னமும் எனக்கு ஆறவில்லை.

அங்கே நாங்கள் கவனிக்கத் தவறியது சரக்கு. அந்தக் காலத்தில் எச்.எம்.வி. கம்பெனித் தட்டுகள் கல்கத்தா டம்டம் ஆலையிலிருந்து வந்துகொண்டே இருந்தன. கேசட், அப்புறம் சிடி என்று வந்த பிறகு அந்த வரத்து நின்றுபோயிற்று. இன்றைக்குப் பழைய தட்டுக் கடை பிழைப்பது வீட்டுப் பரண்களை நம்பித்தான். ஒரே நூறு தட்டை ஆறு மாதமாகப் புரட்டினால் நீங்களே போவதைக் குறைத்துக்கொள்வீர்கள். வீட்டுக்காரர்களோ, இப்படி ஒரு கடை இருப்பது தெரியாமல் காயலான் கடைக்குப் போட்டுவிடுகிறார்கள்.

அதனால் பன்னிரண்டு பேரும் முதலில் செய்ய வேண்டியது தேடுவது. ஆரணி, போளூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கம் சொந்தக்காரர் இல்லாத வேலூர்க்காரர் யார்? அந்த ஊர்களில் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு சவுண்ட் சர்வீஸ் இருந்தது. கல்யாணம், காதுகுத்து, திருவிழா எதுவானாலும் தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போட்டவர்கள். அவர்கள் வீட்டுப் பெட்டிகள் பல இன்னும் அப்படியே கிடக்கின்றன. ஊசி தேய்த்துத் தேய்த்துப் பாதி கரகரக்கும், அது உண்மைதான், பத்துக்கு மூன்று தேறினாலே பெரிது. வாங்கக் கையில் பணம் இல்லையென்றால், விற்ற பிறகு தருகிறோம், விற்காததைத் திருப்பித் தருகிறோம் என்று எழுதிக் கொடுத்து எடுத்து வாருங்கள். பாய்க்கு முதல் முடங்காது.

அப்புறம் பணம். ஆளுக்கு மாதம் 300 ரூபாய் முதல் தேதியே கடையில் கொடுத்துவிடுங்கள், நோட்டில் வரவு வைக்கச் சொல்லுங்கள், அந்தக் கணக்கில் தட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். மளிகைக் கடை நோட்டைத் திருப்பிப் போட்ட மாதிரி, அங்கே நாம் கடன், இங்கே கடை நமக்குக் கடன். பன்னிரண்டு பேருக்கு 3,600 ரூபாய், மாதம் பிறந்ததும் நிச்சயமாகக் கையில் இருக்கும். தர்மம் வாங்கினோம் என்ற எண்ணமும் அவருக்கு வராது. சங்கமாகப் பதிவு செய்ய ஏழு பேர் போதும், 1975-ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். கடை பாயுடையது, அப்படியே இருக்கட்டும், விலை சொல்வதும் அவர்தான். நீங்கள் முறை வைத்து ஞாயிறு மதியம் கடையில் உட்கார்ந்தால் அவருக்கு அரை நாள் ஓய்வு கிடைக்கும், அது பணத்தைவிடப் பெரிய உதவி.

இன்னொன்று சொல்ல வேண்டும், இது வேலூருக்கு மட்டுமே வாய்த்தது. சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வருகிற வங்காளிகள் வாரக்கணக்கில் லாட்ஜில் தங்குகிறார்கள், அவர்களுக்காகவே அந்தத் தெருக்களில் வங்காள எழுத்தில் போர்டு வைத்திருக்கிறார்கள். துர்கா பூஜைக்கென்றே வருஷா வருஷம் புதுப் பாட்டுத் தட்டு வெளியிட்ட ஊர்க்காரர்கள் அவர்கள். உள்ளே படுத்திருப்பவருக்குத் துணையாக வந்தவர் சாயங்காலம் எங்கே போவார்? பாய் கடையில் வங்காளப் பாட்டுத் தட்டு இருபது இருந்து, வாசலில் வங்காளத்தில் நாலு வரி எழுதி வைத்திருந்தால் அவர் வருவார். வாங்காவிட்டால்கூட ஒரு பக்கம் போட்டுக் காட்டுங்கள். நோயாளியை விட்டு அரை மணி நேரம் வெளியே வந்தவருக்குத் தன் ஊர்ப் பாட்டு கேட்பது சாதாரண விஷயமில்லை.

வங்காளத் தட்டுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். சென்னையிலும் பெங்களூரிலும் பழைய தட்டு விற்கிறவர்களோடு மாற்றிக்கொள்ளுங்கள். நம் ஊரில் தூசி படிந்து கிடக்கிற கன்னடத் தட்டுக்கு அங்கே ஆள் இருப்பார், அங்கே தேங்கிய வங்காளத் தட்டுக்கும் தமிழ்த் தட்டுக்கும் இங்கே ஆள் உண்டு. காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டு பக்கமும் போய்விட்டு அன்றைக்கே திரும்பலாம். போட்டிக் கடைக்காரர்கள் சேருவார்களா என்ற சந்தேகம் வேண்டாம். அமெரிக்காவில் தனிக் கடைக்காரர்கள் 2007-இல் கூடிப் பேசி, 2008 ஏப்ரல் 19-ஆம் தேதி முதல் ‘ரெக்கார்டு ஸ்டோர் டே’ நடத்தினார்கள். அன்றைக்கென்றே சிறப்புத் தட்டுகள் அடிக்கப்பட்டு அந்தக் கடைகளில் மட்டும் கிடைக்கும்படி செய்தார்கள். இன்றுவரை வருஷம் தவறாமல் நடக்கிறது, பல நாடுகளுக்கும் பரவிவிட்டது. ஒரு கடை தனியாகக் கேட்டிருந்தால் எந்தக் கம்பெனி தட்டு அடித்துக் கொடுத்திருக்கும்?

கேள்வி: இந்த மாதிரிக் கடைகளில் பென் டிரைவில் பாட்டு ஏற்றிக் கொடுத்தாலே வாடகை வந்துவிடுமே? (வாசகர், ஆற்காடு)

பதில்: வேண்டாம். பழைய தட்டை வாங்கி விற்பதில் தப்பே இல்லை, நகல் எடுத்து விற்பது சட்டப்படி குற்றம். ஒலிப்பதிவுக்கு வெளியாகி 60 வருஷம் காப்புரிமை உண்டு, எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் அவர்கள் காலத்துக்கு அப்புறமும் 60 வருஷம். ஒரு புகார் வந்தால் கடையே போய்விடும். அதைவிட, பிளேயர் பெல்ட் மாற்றுவது, ஊசி வரவழைத்துக் கொடுப்பது போன்ற வேலைகளில் நாணயமான வருமானம் இருக்கிறது.

கேள்வி: என் அப்பா சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். பரணில் இரண்டு டிரங்குப் பெட்டி நிறையத் தட்டுகள், பூஞ்சை பிடித்திருக்கிறது. பழைய சாமான்காரர் கிலோ விலை கேட்கிறார். கொடுத்துவிடலாமா? (வாசகி, குடியாத்தம்)

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. இதுவும் முதல் கேள்வியும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன, படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். முதலில் பரணிலிருந்து இறக்குங்கள். நம் வெயிலில் ஓட்டுக்கு அடியில் கிடந்தால் எல்.பி. என்கிற பிளாஸ்டிக் தட்டு அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். படுக்க வைத்து அடுக்காமல் புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள். கனமாக, கீழே விழுந்தால் உடைகிற மாதிரி இருப்பவை நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டுகள், அவை அரக்கால் ஆனவை. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் அரக்கு கரைந்து பாட்டே போய்விடும். இரண்டு வகைக்கும் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்ட தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். ஊற வைக்க வேண்டாம், நடுவில் உள்ள லேபிளில் ஈரம் படக் கூடாது.

சத்துவாச்சாரி தம்பி எழுதிய கடை எது என்று பத்திரிகைக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள், சேர்த்து வைக்கிறோம். உங்களுக்குப் பிடித்த பத்தை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள். கவரில் அப்பா சர்வீஸ் பெயரை ரப்பர் ஸ்டாம்ப் அடித்திருப்பார், சுத்தம் செய்கிறேன் என்று அதை மட்டும் அழித்துவிடாதீர்கள். வாங்குகிறவருக்கு அது எந்த ஊர்க் கல்யாணங்களில் பாடிய தட்டு என்று தெரியட்டும்.