வெப்மெயிலில் பயனர் கணக்குகள்: குமரி வாசகர்களின் கேள்விகள்

சொந்த சர்வரில் ரவுண்ட்கியூப் என்ற வெப்மெயில் மென்பொருளை வைத்திருப்பவர்களின் கேள்விகள் இவை. எல்லாமே பயனர் கணக்கைப் பற்றியவை என்பதால் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

மார்த்தாண்டத்தில் தேன் விற்பனை செய்கிறோம். போன வாரம் சர்வர் மாற்றினோம். மெயில்கள் எல்லாம் இருக்கின்றன. முகவரிப் புத்தகமும் மெயிலின் அடியில் வருகிற கையெழுத்தும் எல்லோருக்கும் காலி. வாங்குகிறவர்களின் முகவரிகள் முழுக்க அதில்தான் இருந்தன. அழிந்துவிட்டதா?

பழைய டேட்டாபேஸையும் கொண்டு வந்திருந்தால் அழிந்திருக்காது, பயப்பட வேண்டாம். மெயில்கள் ஐமேப் சர்வரில் (மெயில்களைச் சேமித்துக் கொடுக்கும் சர்வர்) இருக்கின்றன. முகவரிகள், கையெழுத்து, அமைப்புகள் எல்லாம் ரவுண்ட்கியூபின் சொந்த டேட்டாபேஸில் இருக்கின்றன. அங்கே ஒருவரை அடையாளம் காண்பது பயனர் பெயரை மட்டும் வைத்து அல்ல. பெயரும் ஐமேப் சர்வரின் பெயரும் சேர்ந்தால்தான் ஒரு ஆள். பழைய கான்ஃபிக்கில் (அமைப்புக் கோப்பு) 'லோக்கல்ஹோஸ்ட்' என்றிருந்து, புதியதில் 127.0.0.1 என்று எழுதியிருந்தால் போதும் (இரண்டும் அதே கணினியைத்தான் குறிக்கும்), அதே ஆளைப் புது ஆளாகப் பதிந்துகொள்ளும்.

யூசர்ஸ் அட்டவணையைத் திறந்து பாருங்கள். ஒரே பெயர் இரண்டு வரிகளில், வேறு வேறு சர்வர் பெயரோடு நிற்கும். கான்ஃபிக்கில் பழைய பெயரையே திரும்பப் போட முடியுமானால் அதோடு வேலை முடிந்தது. முடியாவிட்டால் முதலில் டேட்டாபேஸுக்கு பேக்கப் எடுங்கள். மாற்றத்துக்குப் பிறகு யாராவது புது முகவரி சேர்த்திருந்தால் அதை ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஏனென்றால் புது வரியை நீக்கும்போது அதோடு சேர்ந்தவையும் போய்விடும். புது வரியை நீக்கிய பிறகுதான் பழைய வரியில் சர்வர் பெயரைத் திருத்த வேண்டும். வரிசை மாறினால் ஒரே பயனர் பெயரும் சர்வர் பெயரும் சேர்ந்து இரண்டு முறை வருகின்றன என்று டேட்டாபேஸ் மறுத்துவிடும்.

நாகர்கோவில் கல்லூரி ஒன்றில் வேலை. மாணவர்கள் ரோல் நம்பரில் உள்ளே வர வேண்டும். மெயில் முகவரி பெயரில் இருக்க வேண்டும். எப்படி?

ஒரே வகுப்பில் மூன்று ஜெபின் இருக்கிற ஊர் நம் ஊர், ரோல் நம்பர் நல்ல முடிவு. உங்கள் ஐமேப் சர்வருக்கு எந்தப் பெயர் தெரியும் என்பதை முதலில் பாருங்கள். ரோல் நம்பர் தெரியும் என்றால், ரவுண்ட்கியூபின் கூடவே வருகிற 'விர்ட்யூசர் கொயரி' பிளகின் (கூடுதல் வசதி சேர்க்கும் சிறு நிரல்) போதும். முதல் முறை உள்ளே வரும்போது அது எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் கேட்கும் மொழி) வழியாகச் சரியான மெயில் முகவரியை எடுத்துக் கொடுத்துவிடும்.

மெயில் முகவரி மட்டுமே தெரியும் என்றால் சின்னதாக ஒரு பிளகின் எழுத வேண்டும். 'அதென்டிகேட்' ஹூக்கில் (லாகின் நேரத்தில் ரவுண்ட்கியூப் பிளகினை அழைக்கும் இடம்) உங்கள் ஃபங்ஷனை மாட்டுங்கள். வருகிற ரோல் நம்பருக்கு உரிய முகவரியைத் தேடி, பயனர் பெயர் இருக்கும் இடத்தில் அதை வைத்து, ஹூக் கொடுத்த அர்ரேயை (தகவல் தொகுப்பு) அப்படியே திருப்பி அனுப்புங்கள். திருப்பி அனுப்ப மறந்தால் எந்தப் பிழையும் காட்டாது. மாற்றம் மட்டும் நடக்காது. இன்னொன்று: பிளகின் எந்தப் பகுதியில் ஓட வேண்டும் என்று சொல்லும் டாஸ்க் என்ற இடத்தில் 'மெயில்' என்று மட்டும் எழுதியிருந்தால் லாகின் பக்கத்தில் அது ஏறவே ஏறாது.

பிளகின் எதற்கு? மூலக் கோப்பிலேயே இரண்டு வரி திருத்தினால் என்ன? (தக்கலை)

நானும் அப்படிச் செய்திருக்கிறேன். ஓர் அலுவலகத்துக்காக லாகின் கோப்பில் நேராகக் கை வைத்தேன். ஆறு மாதம் கழித்து வேறொருவர் அப்டேட் போட, என் திருத்தம் மொத்தமும் போனது. திங்கட்கிழமை காலையில் ஒருவராலும் உள்ளே வர முடியவில்லை. எதை எங்கே மாற்றினேன் என்று எழுதியும் வைக்கவில்லை. பிளகின் தனி ஃபோல்டரில் இருக்கும், அப்டேட் அதைத் தொடாது. பத்து வரியாக இருந்தாலும் பிளகினாகவே எழுதுங்கள்.

அனுப்புநர் பெயர் தமிழில், இனிஷியலோடு வர வேண்டும். பணியாளர்கள் அதை மாற்றவும் கூடாது. (குளச்சல்)

'யூசர் கிரியேட்' ஹூக்கில் பெயரை நீங்களே வைக்கலாம். தமிழ் எழுத்து தாராளமாகப் போகும். ஆனால் அந்த ஹூக் ஒருவர் முதல்முதலாக உள்ளே வரும்போது மட்டும்தான் ஓடும், பழைய ஆட்களுக்கு டேட்டாபேஸில் திருத்த வேண்டும். மாற்றாமல் தடுக்க, கான்ஃபிக்கில் ஐடென்டிட்டீஸ் லெவலை 4 ஆக்குங்கள். கையெழுத்து மட்டும்தான் அவர்கள் கையில் இருக்கும்.

பாஸ்வேர்டை அவர்களே மாற்றிக்கொள்ள வழி உண்டா? (குழித்துறை)

உண்டு. 'பாஸ்வேர்ட்' பிளகின் கூடவே வருகிறது. உங்கள் சர்வருக்கு ஏற்ற டிரைவரை (பாஸ்வேர்டை மாற்றி எழுதும் பகுதி) தேர்ந்தெடுங்கள். எஸ்க்யூஎல் டிரைவர் என்றால், மெயில் சர்வர் எந்த ஹாஷ் முறையில் (பாஸ்வேர்டை உருமாற்றிச் சேமிக்கும் முறை) சரிபார்க்கிறதோ அதே முறையில் எழுத வேண்டும். இல்லையென்றால் மாற்றிய மறு நிமிடமே அந்த ஆள் வெளியே நிற்பார்.

ரப்பர் எஸ்டேட் அலுவலகத்திலிருந்து ஒருவர் விலகிவிட்டார். மெயில்பாக்ஸை நீக்கிவிட்டேன். போதுமா? (குலசேகரம்)

போதாது. அவருடைய முகவரிகளும் அமைப்புகளும் ரவுண்ட்கியூபில் அப்படியே இருக்கும். ரவுண்ட்கியூபின் 'bin' ஃபோல்டரில் 'டெல்யூசர்' ஸ்கிரிப்ட் இருக்கிறது, அதை ஓட்டுங்கள். பயனர் பெயரோடு சர்வர் பெயரையும் கொடுங்கள். மார்த்தாண்டத்துக்காரருக்கு நேர்ந்ததுபோல ஒரே ஆளுக்கு இரண்டு வரி இருந்தால், இரண்டுக்கும் தனித்தனியாக ஓட்ட வேண்டியிருக்கும்.