மிகை நொதியமும் கிரீன் டீ மாத்திரையும்

மதிப்புக்குரிய ஐயா,

நான் பொகவந்தலாவையில் ஆசிரியையாக இருக்கிறேன். தம்பியின் மகளுக்கு ஆறு வயது. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளை. மூளையில் ஒரு நொதியம் அளவுக்கு மீறி வேலை செய்வதே இதற்குக் காரணம் என்றும், கிரீன் டீயிலுள்ள ஒரு சத்து அதை அடக்கி எலிகளைக் குணப்படுத்திவிட்டது என்றும் வட்ஸ்அப்பில் செய்தி வந்தது. தம்பி மாத்திரை வாங்கத் துடிக்கிறான். தேயிலைக்குள்ளேயே கிடந்தும் இது தெரியாமல் போயிற்றே என்று அம்மா புலம்புகிறார். இதில் எவ்வளவு உண்மை?

வாசகி ஒருவர்

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தச் செய்தியில் பாதி உண்மை இருப்பதால்தான் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

நொதியத்தின் பெயர் டர்க் 1ஏ. புரதங்களின்மேல் பொஸ்பேற்றை ஒட்டி அவற்றின் போக்கை மாற்றுவது அதன் தொழில். அதற்குரிய பரம்பரையலகு 21ஆவது நிறமூர்த்தத்தில் உள்ளது. டவுன் சின்ட்ரோமில் அந்த நிறமூர்த்தம் மூன்றாக இருப்பதை 1959இல் ஜெரோம் லெஜூனும் சகாக்களும் அறிவித்தார்கள். மூன்று பிரதி இருப்பதால் நொதியமும் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது.

இதே நிலையை ஓரளவு ஒத்த சுண்டெலி இனமொன்று ஆய்வுகூடங்களில் வளர்க்கப்படுகிறது. எலிக்கருவில் மூளைப் புறணி உருவாகும் வேளையில், நரம்புக்கலங்களைத் தோற்றுவிக்கும் மூலக்கலங்கள் பிரிந்து பெருகுவதற்குச் சைக்கிளின் டி1 என்ற புரதம் வேண்டும். மிகையான நொதியம் அதன்மேல் பொஸ்பேற்றை ஒட்டி, அழிக்கப்பட வேண்டியதென அடையாளமிட்டுவிடுகிறது. கலப்பிரிவு மந்தமாகி நரம்புக்கலங்கள் குறைகின்றன. அந்த எலிகளில் டர்க் 1ஏயை மட்டும் மீண்டும் இரண்டு பிரதியாக்கியபோது சைக்கிளினும், முதலில் தோன்றும் நரம்புக்கலங்களின் எண்ணிக்கையும் சீரடைந்தன. ஆனால் அவை சீரடைந்தது கருவில். உங்கள் மருமகளுக்கோ ஆறு வயது.

வளர்ந்த மூளையில் இதே நொதியம் டோ என்ற புரதத்தின்மேலும் பொஸ்பேற்றை ஏற்றுகிறது. அல்சைமர் நோயில் காணப்படும் முடிச்சுகள் அப்புரதத்தால் ஆனவை. எனினும் அதே நோயில் மூளையில் படியும் அமிலோயிட் என்ற பொருளுக்கு மூலமான பரம்பரையலகும் அதே 21இல் இருப்பதால், பழி முழுவதையும் ஒரே நொதியத்தின்மேல் போட முடியாது. அதை அடியோடு அடக்கவும் கூடாது: ஒரு பிரதி பழுதாகி நொதியம் குறைந்த பிள்ளைகளுக்குத் தலை சிறுத்து, பேச்சும் அறிவு வளர்ச்சியும் பின்தங்குகின்றன.

அம்மாவின் புலம்பலுக்கு வருகிறேன். என் தகப்பனார் பெக்டரியில், அரைத்த கொழுந்தைப் பரப்பி வைக்கும் அறையில் வேலை செய்தவர். பச்சை இலை செம்பு நிறத்துக்குத் திரும்பும் நேரத்தை மணிக்கூட்டைப் பார்க்காமல், ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோயே சொல்லிவிடுவார். அங்கே நடப்பதும் நொதிய வேலைதான். இலையிலுள்ள பொலிபீனோல் ஒக்சிடேசு, காற்றின் ஒட்சிசனைக்கொண்டு, செய்தியில் சொல்லப்பட்ட ஈஜிசிஜி என்ற அதே சத்தைப் பெரும்பாலும் வேறு பொருட்களாக மாற்றிவிடுகிறது. ஆகவே அம்மா குடிக்கும் பிளேன்டீயில் அது மிகக் குறைவு. கிரீன் டீக்குக் கொழுந்தை உடனே சூடாக்கி அந்த வேலையை நிறுத்திவிடுவதால் அதில் தங்குகிறது.

ஈஜிசிஜி டர்க் 1ஏயைத் தடுப்பது உண்மை. ஆயினும் எலிகளுக்குக் கொடுத்த ஆய்வுகளில் சில பலன் காட்டின, சில காட்டவில்லை. 2016இல் வெளியான பார்சலோனா ஆய்வில் டவுன் சின்ட்ரோம் உள்ள 16 முதல் 34 வயதானவர்களுக்கு ஓராண்டு, மூளைப் பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தார்கள். சில சோதனைகளில் சிறிய முன்னேற்றம் தெரிந்தது. குணமென்று எவரும் சொல்லவில்லை. செறிவூட்டிய மாத்திரையாக நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்த பெரியவர்களில் ஈரல் பாதிப்பின் அறிகுறிகள் காணப்பட்டிருக்கின்றன. ஆறு வயதுப் பிள்ளைக்கு வைத்தியரைக் கேட்காமல் கொடுப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

தம்பி அந்தப் பணத்தை பஸ் செலவுக்கு வைத்துக்கொண்டு, பிள்ளையைச் சிறுவர் கிளினிக்கில் காட்டட்டும். இந்தப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பிறவியிலேயே இதயக் குறை இருக்கும். அது பார்க்கப்பட்டதா என்று கேளுங்கள். தைரொயிட்டுக்கு ஆண்டுதோறும் இரத்தம் சோதிக்க வேண்டும். காதையும் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள்: பேச்சு தாமதமாவதற்கு நடுச்செவியில் தேங்கிய நீர்கூட ஒரு காரணமாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு.